தோலுக்கு நிறம் ஏற்றுவது: வெயில், எண்ணெய், இரும்பு, அப்புறம்தான் சாயம்

கையால் பெல்ட், பர்ஸ், செருப்பு என்று தைக்க ஆரம்பித்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தச் சாயம் வாங்கலாம் என்பதுதான். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பேரணாம்பட்டிலிருந்து மலை ஏறினால் வி.கோட்டா, வாணியம்பாடியிலிருந்து போனால் குப்பம், இந்த ஆந்திர எல்லை ஓரத்தில் நாங்கள் வாங்கிப் புழங்குகிற, மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் நிறம் எடுப்பதற்கான சரக்கு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர வெயிலும் எண்ணெயும் ஒரு டப்பா இரும்புத் தண்ணீரும் (வினிகரில் இரும்பை ஊறவைத்து எடுப்பது, செய்முறை கீழே) போதும். தேன் நிறம், செம்பழுப்பு, கரும்பழுப்பு, சாம்பல், அட்டக் கருப்பு எல்லாம் கடைச் சாயம் ஒரு சொட்டு இல்லாமல் வரும், போட்டிருக்கிற துணியிலும் ஒட்டாது. சிவப்பு, பச்சை, நீலம் வேண்டுமென்றால் சாயம்தான் வழி, அதையும் கீழே சொல்கிறேன், ஆனால் கடைசியில்.

கையில் இருப்பது என்ன தோல்?

இது தெரியாமல் மேலே போகவே கூடாது. பட்டைச் சத்தில் ஊறிப் பதமான தோலைக் கடையில் வெஜ் டேன் அல்லது சுருக்கமாக வெஜ் என்பார்கள். குரோமிய உப்பில் பதமான தோல் குரோம். எங்கள் பக்கத்து ஈ.ஐ. தோல், அதாவது ஈஸ்ட் இந்தியா தோல், முதல் வகை. புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பழைய நாளில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீர் காட்டி எடுப்பார்கள், மேலே புங்க எண்ணெய் ஏறும். இப்போது ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் பட்டைச் சாறு பெரும்பாலும் பிடித்துக்கொண்டுவிட்டது. எதுவானாலும் உள்ளே இருப்பது டானின், துவர்ப்புச் சத்து. நாம் செய்யப்போகிற வேலை முழுக்க அந்தத் துவர்ப்போடுதான்.

கடைக்காரர் வெஜ் என்று சொன்னாலும் நீங்கள் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம். சாயம் ஏற்றிய குரோம் சில சமயம் உள்ளே வரை பழுப்பாகவே இருக்கும், அப்போது கத்தரித்த ஒரு சின்னத் துண்டைக் கொளுத்திப் பாருங்கள். வெஜ் மெதுவாகக் கருகிச் சாம்பல் நிறச் சாம்பலாகும், குரோம் சீக்கிரம் எரிந்து பச்சை சாயல் சாம்பலை விடும். மூன்றாவது சோதனை இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது: பின்பக்கத்தில் ஒரு சொட்டு இரும்புத் தண்ணீர். ஒரு நிமிடத்துக்குள் கருத்தால் உள்ளே டானின் உண்டு. வெளுத்த சாம்பல் நிறத்தோடு நின்றுவிட்டால் குரோம் தோலுக்கு மேலே லேசாகப் பட்டைச்சத்து ஏற்றிய சரக்காக இருக்கலாம். செமி குரோமும், அதாவது முதலில் பட்டையில் பதமாகிப் பிறகு குரோம் கண்டதும், இந்தச் சொட்டுக்குக் கருக்கும், அதனால் ஓரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார்ப்பது இன்னொரு விஷயத்துக்கு. சொட்டு உடனே உள்ளே இறங்கி இடம் கருத்தால் தோல் திறந்திருக்கிறது, எண்ணெயோ சாயமோ குடிக்கும். முத்து போல உருண்டு நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. அதன்மேல் நீங்கள் எதைத் தேய்த்தாலும் வீண்.

துடைக்கிற வேலை

இதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்காதீர்கள். கைவியர்வை, பென்சில் கோடு, பசை, எல்லாம் நிறம் ஏறும்போது பூதாகரமாகத் தெரியும். பசை ஒட்டிய இடத்தில் எதுவும் உள்ளே இறங்காது, அதனால் நிறம் ஏற்றுவது முதலில், ஒட்டுவதும் தைப்பதும் பிறகு. மெல்லிய பருத்தித் துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டு முழுப் பரப்பையும் ஒரே சீராகத் துடைத்து, காய விடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போர் தண்ணீர் உப்பு. சில இடங்களில் இரும்பும் இருக்கிறது, குழாய்க்குக் கீழே சிமெண்ட் தரை காவி பிடித்திருந்தால் உங்களுடையது அப்படிப்பட்ட தண்ணீர். அதில் நனைத்த வெஜ் தோல் திட்டுத் திட்டாகக் கருக்கும். மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் கேன் தண்ணீர். அதேபோல ஈரத் தோல் மேல் இரும்புத் தூள், துருப்பிடித்த பிளேடு, ஸ்டீல் ஸ்கேல் எதுவும் படக் கூடாது. அப்படிப் பட்டதில் கரும்புள்ளி விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாற்றைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள், புள்ளி கண்ணெதிரே வெளுக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அந்த இடத்தைத் துடைத்துவிட வேண்டும்.

வெயில் நிறம்

எந்தச் செலவும் இல்லாத நிறம் இது, இதற்கு இணையாக எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஆவாரம்பட்டையிலும் வாட்டிலிலும் இருக்கிற வகை டானின் வெளிச்சம் பட்டால் சிவக்கும். ஆவாரம்பட்டைத் தோல் வெயிலில் சிவந்துவிடுகிறது என்றுதான் அந்த நாளில் கடுக்காய் காட்டி அதைக் கட்டுப்படுத்தினார்கள். டேனரிக்காரர்களுக்குக் குறையாக இருந்தது நமக்கு வரம். கடுக்காய் அதிகம் கண்ட தோல் அவ்வளவாகச் சிவக்காது என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள், ஒரே வெயிலில் இரண்டு தோல் இரண்டு விதமாக மாறினால் காரணம் அதுதான்.

செய்முறை சுலபம். வெட்டி முடித்த துண்டுகளுக்கு மிக மெல்லிசாக எண்ணெய் தடவி, ஒரு ராத்திரி உள்ளே வைத்து, மறுநாள் காலை வெயிலில் மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பரப்புங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழக் கூடாது, விழுந்தால் அந்தக் கோடு அப்படியே பதிந்துவிடும். பக்கிள் கட்டி மாட்டிய பெல்ட்டைக் காயப்போட்டால் பக்கிளுக்குக் கீழே வெள்ளையாகவே நிற்கும், ஆகவே உலோகம் எதுவும் மாட்டாமல் செய்யுங்கள். பத்து மணிக்கு மேல் எடுத்துவிடலாம், சாயங்காலம் மறுபடி போடலாம். முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, பக்கத்தில் வெயில் காட்டாத துண்டை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று நாளில் பால் நிறம் தேனாகும். ஒரு வாரம் விட்டால் செம்பழுப்புக்குப் போகும். பக்கம் மாற்றிப் போட மறக்காதீர்கள்.

சித்திரை, வைகாசி வேலூர் வெயிலில் மட்டும் எச்சரிக்கை. சிமெண்ட் தளம் கால் வைக்க முடியாமல் கொதிக்கும், அதன்மேல் நேராகப் போட்ட தோல் முறுக்கிக்கொண்டு மொறுமொறுவென்று ஆகிவிடும். ஈரத் தோலை வெயிலில் போடவே போடாதீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் வெஜ் தோல் சுருங்கிவிடும், சுருங்கினது திரும்ப வராது.

எந்த எண்ணெய்

தோலுக்கு எண்ணெய் போடுவது நெகிழ்வுக்காக, நிறம் கூடுவது உபரி. காயாத, பிசுபிசுக்காத, நாறாத எண்ணெய் வேண்டும். சமையலறையில் கைக்கு வந்ததை எடுத்துத் தடவுகிறவர்களுக்காக இதை விரிவாகவே எழுதுகிறேன்.

மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கிற நீட்ஸ்ஃபுட் ஆயில் இதற்கென்றே உள்ளது. நன்றாக உள்ளே போகும், நிறத்தை ஒரு படி கருக்கும். வாங்கும்போது சுத்தமானதா, மினரல் ஆயில் கலந்ததா என்று லேபிளைப் பாருங்கள், விலை குறைந்ததெல்லாம் பெரும்பாலும் கலந்தது. விளக்கெண்ணெய் இரண்டாவது. கெட்டியானது, காயாது, செருப்புத் தோலுக்குப் பழங்காலத்திலிருந்து போடுகிறார்கள், அதற்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் கூடுதலாகப் போனால் மேலேயே தங்கிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும், பர்ஸுக்கு நான் போடுவதில்லை.

தேங்காய் எண்ணெய் சுத்தமானது, எளிதில் கெட்டுப்போகாது, உள்ளேயும் போகும். இதற்கு ஒரே குறை, சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி, தை விடியலில் பலமநேர் பக்கம் இருக்கிற குளிரில் தோல் மேல் வெள்ளையாக ஒரு படலம் பூக்கும். வாடிக்கையாளர் பூஞ்சணம் என்று பதறிப்போவார். கொஞ்சம் வெயில் காட்டித் துடைத்தால் போய்விடும். அப்படியும் சொல்லி வைத்துவிட்டுக் கொடுப்பது நல்லது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றும் வேண்டாம். நாளாக ஆகப் பிசுபிசுக்கும், சிக்கு வாடை வரும். ஆளி விதை எண்ணெய் அறவே கூடாது, அது காய்ந்து இறுகும் எண்ணெய், மரத்துக்கு நல்லது, தோலை வெடிக்க வைக்கும். போதாததற்கு அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.

அளவு சொல்கிறேன். ஒன்றரை அங்குல அகலப் பெல்ட் ஒன்றுக்கு ஒரு டீஸ்பூன் தாண்ட வேண்டாம். ஆட்டுத் தோல் பர்ஸ் என்றால் சில சொட்டுகள். எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, விரல் பொறுக்கிற சூட்டில், துணியில் தொட்டு நீளவாக்கில் இழுங்கள். தடவியதும் புலித்தோல் மாதிரி திட்டுத் திட்டாகத் தெரியும், பயந்து மேலே மேலே ஊற்றாதீர்கள். ராத்திரி முழுக்க விட்டால் எண்ணெய் தானே பரவிச் சமமாகும். காலையில் பார்த்து வறண்ட இடம் இருந்தால் மட்டும் இன்னொரு கை. எண்ணெய் அதிகமாகிவிட்டால் தோல் துவண்டுபோகும், பெல்ட் ஓட்டை இழுபடும், மேலே போடுகிற மெழுகும் பிடிக்காது. குறைவாகப் போட்டதற்குப் பரிகாரம் உண்டு, அதிகமானதற்குக் கிடையாது.

இரும்புக் கருப்பு

ஒரு லிட்டர் வெள்ளை வினிகர், மளிகைக் கடையில் கிடைப்பதே போதும். லேத் பட்டறையில் விழுகிற இரும்புச் சுருள் ஒரு கைப்பிடி. சுருளில் கட்டிங் ஆயில் ஒட்டியிருக்கும், சோப்பு போட்டு நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். பாத்திரம் தேய்க்கிற ஸ்க்ரப்பர் ஆகாது, அது ஸ்டெயின்லெஸ், கரையவே கரையாது. துருப்பிடித்த ஆணியும் ஆகும், நாள் கூட எடுக்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டையும் போட்டு, மூடியில் ஓட்டை போட்டு மூடுங்கள். ஓட்டை அவசியம், ஏனென்றால் உள்ளே ஹைட்ரஜன் வாயு கிளம்பும், இறுக்கி மூடினால் டப்பா வெடிக்கும். அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம்.

இரும்பில் ஒட்டி ஒட்டிக் குமிழி வரும். ஒன்றிரண்டு வாரத்தில் வினிகர் நெடி குறைந்து, தண்ணீர் லேசான பச்சையாகவோ துரு நிறமாகவோ மாறும். ஒரு துண்டுத் தோலில் தொட்டுப் பாருங்கள். தயாராக இருந்தால் பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு வடிகட்டி, தேதி எழுதி வையுங்கள்.

காளஹஸ்தி கலம்காரியில் கருப்புக்கோடு இழுக்கிறவர்கள் செய்வதும் இதேதான். இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்து எடுத்த கரைசலைக் கடுக்காயும் பாலும் காட்டிய துணிமேல் எழுதுகிறார்கள். துணிக்குத் துவர்ப்பை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும், கடுக்காய் அதற்குத்தான். நம் தோலில் அது பதனிடும்போதே ஏறிவிட்டது. வெல்லக் கரைசலும் தோலைக் கருக்கும்தான், ஆனால் சர்க்கரை மிச்சம் பிசுபிசுக்கும், எறும்பு வரும், அதனால் தோலுக்கு வினிகர்தான் என் தேர்வு.

இனிமேல் கவனமாகப் படியுங்கள். முதலில் தோலைக் கெட்டியான கறுப்புத் தேநீரில் முக்கி எடுங்கள், பால், சர்க்கரை கிடையாது, ஆறிய தேநீர். மேல்பரப்பில் கூடுதல் டானின் சேரும், கருப்பு ஆழமாக விழும். ஈரம் ஒட்டாமல் வடிந்ததும் இரும்புத் தண்ணீரை ஸ்பாஞ்சில் எடுத்துத் தாராளமாகத் தடவுங்கள், ஓரம், பின்பக்கம் எல்லாம். முதலில் ஒன்றும் ஆகாதது போல இருக்கும், பிறகு சாம்பல் படரும், சாம்பலில் ஒரு நீலம் ஓடும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்துவிடும். பூசியதுபோல மேலே நிற்கிற கருப்பில்லை, தோல் தானே கருத்த கருப்பு. கருக்காமல் பழுப்பாகவே நிற்கிற இடத்தில் மறுபடி தேநீர், மறுபடி இரும்பு. சாம்பல் நிறமே வேண்டுமென்றால் கரைசலை ஐந்து பங்கு தண்ணீரில் நீர்த்துப் போடுங்கள், அதிலும் எண்ணெய் ஏறியதும் நிறம் ஒரு படி கருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துத் துண்டில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

அரை மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, அதில் ஒரு நிமிடம் முக்கி, மறுபடி அலசுங்கள். இந்தச் சோடாக் கட்டத்தை விடவே கூடாது. அமிலமும் இரும்பும் உள்ளேயே தங்கினால் வருடங்களில் தோல் உளுத்து உதிரும். சோடா அதிகமானாலும் கெடுதல், தோல் காரத்தைத் தாங்காது, ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம். பிறகு நிழலில் காயவிட்டு, லேசான ஈரம் இருக்கும்போதே எண்ணெய் போடுங்கள். காய்ந்து வரும்போது வெளிறிப் போய் ஏமாற்றம் தரும், எண்ணெய் பட்டதும் கருப்பு மறுபடி எழும்பும். வினிகர் வாடை சில நாளில் போய்விடும்.

எங்கள் பக்கம் எருது விடும் விழாவுக்குச் சலங்கை கோத்த கழுத்துப்பட்டை கேட்டு தை பிறக்கும் முன்பே ஆட்கள் வருவார்கள், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வருவார்கள். “அண்ணா, வெள்ளை மாடு, கழுத்துல கருப்பு இறங்கிடக் கூடாது” என்பதுதான் முதல் நிபந்தனையாக இருக்கும். மாட்டு வியர்வையும் தண்ணீரும் பட்டுக்கொண்டே இருக்கிற பொருளுக்கு இரும்புக் கருப்பைத் தவிர வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கழுவிப் பாருங்கள், தண்ணீர் தெளிவாகவே ஓடும்.

சாயம்

சரி, இப்போது சாயத்துக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, சென்னை பெரியமேடு கெமிக்கல் கடைகளில் பவுடராகக் கிடைக்கும். கேட்க வேண்டிய முதல் கேள்வி ஸ்பிரிட்டில் கரையுமா, தண்ணீரில் கரையுமா. டேனரி டிரம்முக்கான சாயம் பெரும்பாலும் வெந்நீரில் கரைவது. அடுத்த கேள்வி, தடைசெய்த அசோ வகை இல்லாததா. சில அசோ சாயங்கள் உடைந்து புற்றுநோய் உண்டாக்குகிற அமீன்களாக மாறும் என்பதால் இந்தியாவில் 1990களிலேயே அவற்றுக்குத் தடை வந்தது, ஐரோப்பாவுக்குப் போகிற தோலில் அந்த அமீன் கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஏற்றுமதிக்குச் சரக்கு கொடுக்கிற கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் உடனே பதில் வரும். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள், கைக்கடிகாரப் பட்டை நாள் முழுக்க உடம்பில் ஒட்டியிருக்கிற பொருள்.

பேசிக் டை என்ற வகை வெஜ் தோலைக் கெட்டியாகப் பிடிக்கும், பளிச்சென்று இருக்கும், ஆனால் வெயிலில் வெளுக்கும். அதற்குத் தகுந்தாற்போலப் பர்ஸின் உள்பக்கத்துக்கும் பைக்குள் இருக்கிற பொருளுக்கும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூளில் சாயம் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான், இன்னும் வேகமாக வெளுத்துவிடும்.

ஸ்பிரிட் சாயத்துக்கு 250 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 5 கிராம் பவுடர் என்று ஆரம்பியுங்கள். குலுக்கி ஒரு ராத்திரி வைத்து வடிகட்ட வேண்டும். கரையாத பொடி ஒரு துளி இருந்தாலும் தோல் மேல் கோடு இழுக்கும். கையுறை, திறந்த ஜன்னல், அருகில் தீ இல்லாமை, மூன்றும் கட்டாயம். தோலை முதலில் ஸ்பாஞ்சால் சீராக ஈரப்படுத்துங்கள், அப்போதுதான் சாயம் விழுந்த இடத்திலேயே குடித்துக்கொள்ளாமல் பரவும். செம்மறித் தோலில் கம்பளியோடு ஒரு துண்டு கிடைத்தால் அதைக் குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள், பழைய பனியன் துணியும் ஆகும். சின்னச் சின்ன வட்டமாக, ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை நிற்காமல் போக வேண்டும். நடுவில் போனை எடுக்கப் போனால் நின்ற இடம் கோடாகக் காய்ந்துவிடும். முதல் கைக்குச் சாயத்தைப் பாதிக்குப் பாதி நீர்த்துப் போடுங்கள், காய்ந்ததும் குறுக்குவாக்கில் இன்னொரு கை, தேவைப்பட்டால் மூன்றாவது. ஒரே கையில் கெட்டியாக ஏற்றினால் மேலே மினுமினுவென்று ஒரு பித்தளை மினுக்கம் வரும், அதுதான் பிறகு சட்டையில் ஒட்டுகிற சாயம்.

எருமைத் தோல் சொரசொரப்பானது, வயிற்றுப் பக்கத் தோல் தொளதொளப்பானது, இரண்டும் சாயத்தைத் தாறுமாறாகக் குடிக்கும். அவற்றுக்கு முதலில் மெல்லிசாக எண்ணெய் போட்டு ஒரு நாள் விட்டுச் சாயம் போட்டால் திட்டு குறையும். நிறம் கலப்பதில் இரண்டு மட்டும் சொல்கிறேன். கருப்புச் சாயத்துக்கு அடியில் நீலம் ஒரு கை போட்டால் கருப்பு நிறைவாக வரும். பழுப்புக்கு அடியில் மஞ்சள் போட்டால் உள்ளிருந்து வெளிச்சம் வருவது போல இருக்கும்.

காய்ந்த பிறகு தேய்ப்பதுதான் பாதி வேலை. உலர்ந்த பருத்தித் துணியால், துணியில் நிறம் வராத வரை தேய்க்க வேண்டும், துணியை மாற்றி மாற்றி. ஸ்பிரிட் தோலை வறள வைத்திருக்கும், ஆகவே எண்ணெய் ஒரு கை. மறுநாள் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை வந்தால் பொருள் இன்னும் தயாராகவில்லை. வெள்ளை வேட்டிக்கு மேல் கட்டப்போகிற பெல்ட் இந்தச் சோதனையில் தேறாமல் என் கையை விட்டுப் போகாது.

மெழுகும் ஓரமும்

தேன்மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு, எடைக் கணக்கில். மூன்று பங்கு எண்ணெய் என்று எழுதியிருப்பதையும் பார்ப்பீர்கள், 40 டிகிரி தாண்டுகிற எங்கள் கோடைக்கு அது இளகிவிடும். கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், தேன்மெழுகு 62 டிகிரி வாக்கில் உருகும், நேரடித் தீ வேண்டாம். மெழுகுவர்த்தி மெழுகு பாரஃபின், அது ஆகாது. ஆறின மெழுகை விரலில் எடுத்து மெல்லிசாகத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டு, துணியால் மினுக்குங்கள். மழைக்கு முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், தூறலைத் தாங்கும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிற வழக்கம் உண்டு, கண்ணாடி போலப் பளபளக்கும், ஆனால் வளைகிற இடத்தில் வெடிக்கும். பெட்டி, உறை மாதிரி வளையாத பொருளுக்கு மட்டும் போடுங்கள்.

ஓரத்து வேலை, தைத்து முடித்த பிறகுதான். 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, விரலால் தண்ணீர் தொட்டு வைத்து, கிளிசரின் சோப்பில் லேசாக இழுத்து, வழவழப்பான தேக்குக் கட்டையாலோ கேன்வாஸ் துணியாலோ வேகமாகத் தேயுங்கள். சூடேறி நார்கள் படிந்து கண்ணாடியாகும். படியாவிட்டால் ஈரம் குறைவு, வழிந்தால் ஈரம் அதிகம். குரோம் தோல் ஓரம் இப்படிப் படியவே படியாது, அதற்கு ஓரப் பெயிண்டுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வெஜ் தோல் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் கவரில் மூடி வைக்காமல் துணிப்பையில் காற்றாட வையுங்கள், பிடித்துவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள்.

மிச்சத்தைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதற்காக 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதிய ஊர்ப் பக்கம் இது, நம் டப்பா சின்னது என்று நினைக்கிற உரிமை நமக்கு இல்லை. சாய மிச்சத்தை மூடி வைத்து அடுத்த வேலைக்கு முதல் கைச் சாயமாக நீர்த்துப் பயன்படுத்தலாம். முடியாதபோது மரத்தூளில் ஊற்றித் திறந்தவெளியில் உலரவிட்டு, கட்டிக் குப்பையில் தனியாகக் கொடுங்கள். இரும்புத் தண்ணீரை வீணாக்கவே தேவையில்லை. பலம் குறைந்தால் அதிலேயே கொஞ்சம் வினிகரும் ஒரு பிடி சுருளும் போட்டு, ஓட்டை மூடியோடு மறுபடி மூலையில் வைத்துவிடுங்கள்.